வார்டுக்குள் வராத நெறிமுறைக் குழு

அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் முதுநிலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டுக்காக நோயாளிகளிடம் ஒரு கேள்வித்தாளை நீட்ட வேண்டுமானால், முதலில் கல்லூரியின் நெறிமுறைக் குழு முன் போய் நிற்க வேண்டும். எதற்காக இந்த ஆய்வு, யாரிடம் கேட்கப்போகிறீர்கள், ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, மறுத்தாலும் சிகிச்சை பாதிக்கப்படாது என்று அதில் எழுதியிருக்கிறீர்களா என்றெல்லாம் குழு குடைந்து கேட்கும். கேட்பது முறைதான். அதே கட்டடத்தின் இன்னொரு தளத்தில், நினைவு திரும்பாமல் கிடக்கும் ஒரு முதியவருக்கு வென்டிலேட்டரைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு ஐ.சி.யூ. வாசலில் நின்றபடியே நாலு வார்த்தைப் பேச்சில் எடுக்கப்படுகிறது. அங்கே எந்தக் குழுவும் இல்லை. கேள்வித்தாளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மனிதருக்குக் கிடைப்பதில்லை.

இந்த நிலை இனியும் நீடிக்கக் கூடாது. உயிர், உடல், பராமரிப்பு தொடர்பான சிக்கலான முடிவுகளில் 'இது சரிதானா?' என்று நின்று கேட்கும் உள்ளூர்க் குழு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும். நல்லெண்ணம் கொண்ட சிலரின் விருப்பமாக இதை ஒதுக்கிவிட முடியாத கட்டத்துக்குத் தமிழ்நாடு வந்துவிட்டது.

காரணம் வெளிப்படை. நம் மாநிலம் வேகமாக மூப்படைகிறது. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு பக்கம், தீவிர சிகிச்சை சென்னை, மதுரை, கோவையைத் தாண்டி மாவட்டத் தலைநகரங்களுக்குப் பரவிவிட்டது. 2022 ஜனவரி 12 அன்று, ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இது பெருமைக்குரிய வளர்ச்சி. ஆனால் கருவி வந்த வேகத்தில், அதை எப்போது பொருத்துவது, எப்போது எடுப்பது, யாரைக் கேட்டு எடுப்பது என்று முடிவு செய்யும் ஏற்பாடு வரவில்லை.

ஐ.சி.யூ. வாசலில் நடப்பதை அறியாத குடும்பம் இங்கே குறைவு. டியூட்டி டாக்டர் வெளியே வருகிறார். "இனிமே எங்க கையில ஒண்ணும் இல்லைங்க. வச்சுப் பார்க்கிறதுன்னா பார்க்கலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். மூத்த மகன் கையெழுத்துப் போடுகிறார். மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாக உறவினரே அழைத்துச் செல்வதாகக் கேஸ் ஷீட்டில் 'ஏ.எம்.ஏ.' என்று குறிக்கப்படுகிறது. ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சு செலுத்தும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வருகிறார். வீட்டு வாசலில் குழாய் எடுக்கப்படுகிறது. ஐம்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியிடம் இந்த முடிவு பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கூடத்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். நோயாளி நினைவோடு இருந்த காலத்தில் என்ன விரும்பினார் என்பதும் கேட்கப்பட்டிருக்காது.

இங்கே யாரும் கெட்டவர் இல்லை. மருத்துவருக்கு அடுத்த படுக்கை காத்திருக்கிறது. வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. மகனுக்குக் கடன் கழுத்தை நெரிக்கிறது. அவரவர் நெருக்கடியில் அவரவர் ஒரு வழியைத் தேடுகிறார்கள். கடைசியில், பணம் தீர்ந்ததால் எடுத்த முடிவு நோய் முற்றியதால் எடுத்த முடிவாக உருமாறுகிறது. தனியார் மருத்துவமனைகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்களுக்கே தெரிந்த பிறகும் நாள் கணக்கில் இயந்திரம் ஓடுகிறது; அதற்கான பில்லைக் கட்ட நிலம் விற்கப்படுகிறது. இரண்டு தவறுகளுக்கும் மூலம் ஒன்றே: முடிவைத் திறந்த முறையில் பேசுவதற்கு ஓர் இடம் இல்லை.

சட்டம் இந்த இடத்தை ஓரளவு திறந்துவிட்டிருக்கிறது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. அதில் வகுக்கப்பட்ட நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிமையாக்கியது. நினைவிழந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திடலாம். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தும் முன் மருத்துவமனையில் முதன்மை மருத்துவ வாரியம் ஆராய வேண்டும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் வாரியம் ஆராய வேண்டும். ஒவ்வொரு வாரியமும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்தைச் சொல்லிவிட வேண்டும். கர்நாடக அரசு 2025 ஜனவரி இறுதியில் இதைச் செயல்படுத்த உத்தரவு பிறப்பித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2024இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், மருத்துவமனையில் இத்தகைய முடிவுகளைக் கண்காணிக்கவும் கருத்து வேறுபாடுகளைத் தீர்க்கவும் சிகிச்சை சார்ந்த நெறிமுறைக் குழு ஒன்று தேவை என்று சொன்னது.

எழுத்தில் வழி இருக்கிறது. மாவட்ட மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுவரும் சாதாரணக் குடும்பத்துக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியாது. மேலும், வாரியம் என்பது மருத்துவர்கள் கூடும் இடம். நோய் தீருமா, நினைவு திரும்புமா என்று அவர்களால் சொல்ல முடியும். இரண்டு மகன்கள் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்வது? உறவே இல்லாமல் தெருவிலிருந்து தூக்கி வரப்பட்டவருக்காக யார் பேசுவது? பணமில்லாததால் 'வேண்டாம்' என்கிறார்களா, உண்மையிலேயே நோயாளியின் நலன் கருதிச் சொல்கிறார்களா என்று எப்படிப் பிரித்தறிவது? இந்தக் கேள்விகளுக்கு ஸ்கேன் அறிக்கையில் விடை இருக்காது. சமூகப் பணியாளர், சட்டம் அறிந்தவர், செவிலியர், ஊரறிந்த பொதுமனிதர் ஆகியோர் மருத்துவரோடு சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகள் இவை.

மருத்துவமனைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்குள் போகிறார்கள். இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தவை அவர்கள் கண்ணில் படுகின்றன. இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பக்கவாதத்தில் விழுந்த மூதாட்டி பின்கட்டு அறையில் கிடக்கிறார். முதுகில் படுக்கைப் புண். அறைக்கு வெளியே பூட்டு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், வாரம் ஒருமுறை வருகிறார். சாவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் இருக்கிறது. அவர் இரண்டு வேளை கஞ்சி கொடுக்கிறார். "பூட்டலேன்னா எழுந்து போயி விழுந்துருவாங்க சிஸ்டர்" என்கிறார் அவர். இது கொடுமையா, கதியற்ற பராமரிப்பா? காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் மகன் வேலையை விட்டு அலைவார். மூதாட்டிக்குக் கிடைத்துவந்த கஞ்சியும் நின்றுபோகலாம். ஒன்றும் செய்யாமல் வந்தால் புண் பெருகும். அந்தச் செவிலியர் இந்தக் கேள்வியை யாரிடம் கொண்டுபோவார்? பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. அது பெரும்பாலும் மனு வந்தால் ஜீவனாம்சம் தீர்மானிக்கும் இடம். பேச்சிழந்த மூதாட்டி மனு எழுத மாட்டார்.

கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், படுத்துவிட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவைக்கும் வழக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் உறவினர்கள். கட்டி வைத்ததும் பாதுகாப்பு என்ற பெயரில்தான். அந்தச் சங்கிலியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். 'ஏன்?' என்று கேட்கும் கடமை யாருக்கும் தரப்பட்டிருக்கவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்தது. அந்தச் சட்டம் மாவட்ட அளவில் ஏற்படுத்தச் சொன்ன மனநல மறுஆய்வு வாரியங்களில் மனநோயுள்ளவர்களுக்கோ அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் மேசையின் இந்தப் பக்கம் உட்காரலாம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த ஏற்பை மனநலத்தோடு நிறுத்திக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

குழு அமைத்தால் மட்டும் போதுமா? போதாது. பெயருக்கு ஒரு குழு இருப்பது, குழுவே இல்லாததைவிட ஆபத்தானது. உறுப்பு மாற்று அறுவைக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகாரக் குழுவை வைத்தது. நெருங்கிய உறவில்லாத ஒருவர் சிறுநீரகம் தர முன்வந்தால், அவர் அன்பினாலோ பற்றினாலோதான் தருகிறாரா, இடையில் பணம் கைமாறுகிறதா என்று அந்தக் குழு விசாரித்த பிறகே அனுமதி தர வேண்டும். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் வெளிப்பட்டது என்ன? கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வலைவீசிப் பிடித்துச் சிறுநீரகத்தை விற்க வைத்தார்கள் என்ற புகார். இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமத்தின் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தறி ஓட்டிக் கந்துவட்டி கட்டும் ஒருவர், முன்பின் பழகாத ஒருவருக்கு 'அன்பினால்' சிறுநீரகம் தருகிறார் என்று தாள்கள் சொன்னால், தாளைத் தாண்டி முகத்தைப் பார்த்துக் கேட்பதற்குத்தானே சட்டம் குழுவை வைத்தது? தாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் குழு தரகருக்கு உதவுமே ஒழிய, தறிக்காரருக்கு உதவாது.

ஆராய்ச்சிக் குழுக்களும் இந்த நோய்க்கு விலக்கல்ல. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பழங்குடிச் சிறுமிகளுக்குப் போட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பல ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டது பின்னர் அம்பலமானது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது. தடுப்பூசி நல்லதா என்பது வேறு விஷயம். ஒரு சிறுமியின் கையில் ஊசி இறங்கும் முன் அவளுடைய தாயிடம் கேட்க வேண்டும் என்ற எளிய நியாயம், அத்தனை அனுமதித் தாள்களுக்கு நடுவிலும் காணாமல் போனது. இத்தகைய அனுபவங்களுக்குப் பின் வந்த 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்து விதிகள், மருந்துச் சோதனைக்கான நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும், அவர்களில் பாதிப்பேர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும், ஒரு சட்ட வல்லுநரும் ஒரு சாதாரணக் குடிமகனும் ஒரு பெண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வகுத்தன. சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் அமையும் குழு இந்த அளவுகோலுக்கு ஒரு படிகூடக் கீழே இறங்கக் கூடாது.

குழுவின் அதிகாரத்துக்கு எல்லை வகுப்பதும் அவசியம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இயந்திரங்கள் ஒரு சிலவே இருந்தபோது, யாருக்குச் சிகிச்சை என்று தேர்ந்தெடுக்க ஊர்க்காரர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. வருமானம் என்ன, திருமணமானவரா, எத்தனை குழந்தைகள், தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்து அவர்கள் உயிர்களைத் தரம் பிரித்தார்கள். 1962இல் அது பத்திரிகையில் வெளிவந்தபோது பெரும் அதிர்ச்சி எழுந்தது. நம் ஊரில் அப்படியொரு குழு அமைந்தால் சாதி பார்க்கும், சொத்து பார்க்கும், 'யார் பெத்த பிள்ளை' என்று பார்க்கும். ஆகவே, உள்ளூர்க் குழுவின் வேலை ஒரு மனிதரின் மதிப்பை எடைபோடுவதாக ஒருபோதும் இருக்கக் கூடாது. அந்த மனிதரின் விருப்பம் கேட்கப்பட்டதா, அவருக்குப் புரியும் மொழியில் உண்மை சொல்லப்பட்டதா, அவருக்கு எதிராகப் பணமோ அதிகாரமோ வேலை செய்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. படுக்கையைக் காலி செய்யும் கருவியாக நிர்வாகம் அதைப் பயன்படுத்தக் கூடாது. வழக்கிலிருந்து தப்பிக்கும் கேடயமாக மருத்துவமனையும் அதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது.

'அவசரத்தில் குழுவைக் கூட்டிக்கொண்டிருந்தால் நோயாளி என்ன ஆவது?' என்று மருத்துவர்கள் கேட்பார்கள். உயிர்காக்கும் அவசரச் சிகிச்சைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அது அப்படியே தொடர வேண்டும். குழுவுக்கு வர வேண்டியவை, நாள் கணக்கில் இழுபட்டு, குடும்பத்தையும் மருத்துவரையும் செவிலியரையும் ஒருசேரத் தூங்கவிடாமல் செய்யும் கேள்விகள். அவற்றுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் யாருக்கும் நட்டமில்லை. 'ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, இதில் இன்னொரு குழுவா?' என்றும் கேட்பார்கள். இந்தக் குழு மருத்துவரின் சுமையைக் குறைக்கும். இன்று தனியாளாக வாசலில் நின்று கெட்ட செய்தி சொல்லி, உறவினரின் ஆத்திரத்தையும் தனியாளாக வாங்கிக்கொள்பவர் இளம் டியூட்டி டாக்டர். பலர் கூடி, பேசி, எழுதிவைத்த முடிவு அவரையும் காக்கும்.

தமிழ்நாட்டால் இதைச் செய்ய முடியுமா என்ற ஐயமே தேவையில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் பெறும் திட்டத்தை 2008இல் முறைப்படுத்தியவர்கள் நாம். மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அறுவை செய்யும் மருத்துவர் அந்தக் குழுவில் இடம்பெறக் கூடாது. குடும்பத்திடம் பேசப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கால்தான் மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது. துக்கத்தின் உச்சத்தில் நிற்கும் ஏழைக் குடும்பங்கள் மகனின் இதயத்தையும் கல்லீரலையும் முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்தன. 2023 செப்டம்பரில், உறுப்பு தந்து மறைந்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. நடைமுறை திறந்ததாக இருந்தால், மிகக் கடினமான முடிவையும் நம் மக்கள் பெருந்தன்மையோடு எடுப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியது இதுதான். மாவட்டந்தோறும் மருத்துவ, பராமரிப்பு நெறிமுறைக் குழு ஒன்றை அரசாணை மூலம் அமைக்க வேண்டும். பாதி உறுப்பினர்கள் மருத்துவத் துறைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். தலைமையும் வெளியாளிடமே இருக்க வேண்டும். செவிலியர், வலிதணிப்புச் சிகிச்சை தெரிந்தவர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர், மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதி, வீட்டில் ஆண்டுக்கணக்கில் நோயாளியைப் பராமரித்த ஒருவர் ஆகியோர் கட்டாயம் இடம்பெற வேண்டும். நோயாளி, உறவினர், செவிலியர், காப்பகப் பணியாளர் யாரும் குழுவை நேரடியாக அணுகலாம் என்றும், அப்படி அணுகியதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது என்றும் ஆணையில் எழுத வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் பதிவு பெற்ற காப்பகங்களும் முதியோர் இல்லங்களும் இதன் வரம்புக்குள் வர வேண்டும். குழு தமிழில் பேச வேண்டும், தமிழில் பதிவு செய்ய வேண்டும். எத்தனை கேள்விகள் வந்தன, எத்தனை நாளில் பதில் சொல்லப்பட்டது என்பதை, ஆட்களின் பெயரை மறைத்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு மருத்துவ வாரியங்களும் எங்கே இருக்கின்றன, யாரை அணுகுவது என்ற அறிவிப்புப் பலகை ஒவ்வொரு ஐ.சி.யூ. வாசலிலும் தமிழில் தொங்க வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்காக நெறிமுறைக் குழு நடத்திப் பழகிய மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்கலாம். தாமதத்தின் விலையோ நாள்தோறும் ஏறுகிறது. இன்றும் ஏதோ ஒரு மாவட்டத்தில், பேச முடியாத ஒருவரைப் பற்றிய முடிவில் அவரிடமும் கேட்காமல், அவருக்காகப் பேசுபவரிடமும் கேட்காமல் கையெழுத்து வாங்கப்படுகிறது. அதை 'விதி' என்று சொல்லி நகர்வது சுகாதாரத்தில் முன்னோடி என்று பெருமை பேசும் மாநிலத்துக்கு அழகல்ல. சுகாதாரத் துறையும் சமூக நலத் துறையும் இதில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்காமல், கூட்டாக அரசாணையை வெளியிடட்டும். மாவட்ட ஆட்சியர்கள் அந்தக் குழுக்களை உண்மையிலேயே கூட்டிக் காட்டட்டும்.